படித்துறைக் கல்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஹாலாஸ்யத்துக்கு வீடு கொள்ளாது. கோச்சடையில் பஸ்ஸை விட்டு இறங்குவார், வேட்டியை மடித்துக் கட்டுவார், வைகைக்கரைத் தடத்தில் மேற்கே நடக்க ஆரம்பித்துவிடுவார். பின்னாலேயே காமிராப் பையோடு லத்தீப் வருவான். ஹாலாஸ்யம் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார். அப்துல் லத்தீப் போட்டோ ஸ்டூடியோக்காரன். ஒருவர் பழைய கல்லைத் தேடுவார், இன்னொருவன் அதைப் படம் பிடிப்பான்.

பதினோரு வருஷ நடை. கரையோரத்துப் பழைய ஊர் ஒன்றையும் விட்டதில்லை. இடிந்த மண்டபம், தலையில்லாத நந்தி, கோட்டை மதில் என்று ஊரார் சத்தியம் செய்யும் மண்மேடு, எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாயிற்று. பலன் பூஜ்யம். எந்தக் கல்லைத் தொட்டாலும் அதை வெள்ளைக்காரன் காலத்திலேயே எவனோ படித்து அச்சில் ஏற்றியிருந்தான்.

போன வருஷம் ஒரு கருத்தரங்கு. ஹாலாஸ்யம் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். மேடையிலிருந்த பேராசிரியர் மைக்கை இழுத்துக்கொண்டு, "பள்ளிக்கூட வாத்தியார்கள் பரீட்சைப் பேப்பரைத் திருத்தட்டும். சரித்திரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்றைக்கு ஹாலாஸ்யத்தின் காதுக்குள் குடியேறியது. இன்னும் காலி செய்யவில்லை.

ஒரே ஒரு கல். யாரும் படிக்காத கல். அதன் பக்கத்தில் தன் பேர். அது கிடைத்தால் போதும், கட்டை வேகும்.

எழுபத்தொன்பது மாசியில் அது கிடைத்தது.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு ஆள்தான் சொன்னான். அரிகேசமங்கலத்துப் படித்துறையைப் பெயர்த்துக் கட்டினார்களாம். ஒரு படிக்கல்லைப் புரட்டினால் அடியில் முழுக்க எழுத்தாம். "நம்ம எழுத்து இல்ல சாமி. ஜிலேபியப் பிழிஞ்ச மாதிரி இருக்கு."

ஹாலாஸ்யம் ஓட்டமெடுத்தார். வட்டெழுத்து! ஆயிரம் வருஷத்துக்கு முந்தின எழுத்து. அதைப் படிக்கிறவர்களை மதுரையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் அவர்.

"ஓடாதேயும் அய்யரே," என்று லத்தீப் பின்னாலிருந்து கத்தினான். "ஆயிரம் வருஷமாக் கெடந்த கல்லு. அரை மணி நேரத்துல எந்திரிச்சா ஓடிப்போகும்?"

"நீர் பேசாம வாரும் ஓய்!"

ஆற்றை ஒட்டிய பழைய ஊர் அரிகேசமங்கலம். பாதி வீடுகளில் ஆள் இல்லை, மீதி வீடுகளில் கூரை இல்லை. ஆனால் சிவன் கோயில் வாசலில் அன்றைக்கு ஊரே கூடியிருந்தது. நடுவில் நாற்காலியில் சங்கிலி, காலடியில் புரட்டிப் போட்ட படிக்கல். ரைஸ்மில்காரர், ஐம்பது வயது, நரைத்த மீசை. பேச்சு மட்டும் பஞ்சு மாதிரி.

"வாங்க சார். கரையோரமா ரெண்டு பேர் வாரீகன்னு அப்பவே ஆள் வந்து சொல்லிட்டான். எளநி குடிங்க. வெவரத்தச் சொல்றேன். இந்த ஊருல ரெண்டு வீடு. நாங்க மேல வீடு. அந்தா வாசப்படியில நிக்கிறாரே, அவுக கீழ வீடு. பங்குனித் திருநாளுக்கு மொதப் பரிவட்டம் யாரு தலையில கட்டுறதுன்னு பாட்டன் காலத்து மல்லுக்கட்டு. இப்ப ஒரு வருசம் அவுக, ஒரு வருசம் நாங்க. இந்தக் கல்லு என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுறோம்னு ரெண்டு வீடும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியாச்சு. படிக்கத்தான் ஆளு இல்ல."

வாசற்படியில் நின்றவர் கீழ வீட்டுக் கூத்தன். எழுபது வயதுக் கிழவர், சலவை வேட்டி. பக்கத்தில் அவர் மகள் அன்னக்கொடி. இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஹாலாஸ்யத்தின் கண் கல்லை விட்டு நகரவில்லை. "முதல்ல ஒரு படி எடுத்துக்கறேனே. ஈரக் காகிதத்தை ஒட்டி மை ஒத்தி எடுத்தா எழுத்து அப்படியே விழும். அடுத்த ஞாயித்துக்கிழமை காகிதத்தோட வந்து—"

"தாராளமா எடுங்க. ஆனா மொதல்ல படிச்சுச் சொல்லிருங்க." சங்கிலி கிட்டத்தில் வந்தார். குரல் இன்னும் தாழ்ந்தது. "நல்லது சொல்ற கல்லுன்னா நடுக் கோயில்ல நட்டு வைப்போம். எம்புட்டுப் படி வேணும்னாலும் எடுத்துக்கங்க. கெட்டது சொல்ற கல்லுன்னா…" அவர் ஆற்றுப் பக்கம் திரும்பினார். "இந்தா, படித்துறைக்குக் கீழ மடு இருக்கு. கோடையிலயும் தண்ணி வத்தாது. உள்ள போன கல்லு மேல வராது சார்."

லத்தீப் காமிராவை எடுத்தான். "படம் வேணாம் பாய்," என்று சங்கிலி சிரித்தார். "சாமி கல்லு. பூசை போட்ட பெறகு எடுங்க."

ஹாலாஸ்யம் மண்டியிட்டார். விரலால் மண்ணைத் துடைத்து, வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு போனார். பாண்டியன் பேர், ஆட்சி ஆண்டு, பிறகு விஷயம். கோயில் விளக்கைக் களவு கொண்டவன் சாத்தன். அவன் வழியினர் கோயில் வாசற்படி மிதிக்கக் கூடாது. விளக்கை மீட்டு வந்தவன் கூத்தன். முதல் மரியாதை என்றென்றும் அவன் வழியினருக்கு.

கூத்தன், கீழ வீட்டுப் பேர். தலைமுறைக்கு ஒரு கூத்தன் அங்கே. அப்படியானால் சாத்தன்?

"உங்க தகப்பனார் பேர் என்ன?" என்றார் மெதுவாக.

"சாத்தையா," என்றார் சங்கிலி. "எங்க வீட்டுல பாட்டன் பேரு, பேரன் பேரு எல்லாம் அதுதான்."

ஹாலாஸ்யத்தின் விரல் கல்லின் மேல் நின்றது. உள்ளபடி படித்தால் கல் மடுவுக்குப் போகும். பதினோரு வருஷமும் அதோடு போகும். படியைக் கையில் வாங்கிவிட்டால் அப்புறம் உண்மையை அச்சில் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். கல்லில் உள்ள இரண்டே இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் போதும்.

எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வகுப்பறைக் குரலில் படித்தார். விளக்கைத் திருடியவன் கூத்தன். மீட்டவன் சாத்தன்.

ஊர் மொத்தமும் கிழவர் பக்கம் திரும்பியது.

"சாமி," என்றார் கிழவர். "இன்னொருக்க நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எங்கப்பன் வேற மாதிரில்ல சொல்லுவாரு."

"நன்னாப் பாத்தாச்சு பெரியவரே. மனுஷா ஆயிரம் சொல்லுவா. கல்லு பொய் சொல்லாது."

"கேட்டுக்கிட்டீகல்ல?" என்றார் சங்கிலி, அதே பஞ்சுக் குரலில். "வாசப்படிய விட்டு எறங்குங்க."

கிழவர் இறங்கினார். மூன்றே படிதான். இறங்க அத்தனை நேரம் ஆயிற்று. "வெளக்குக் களவாணி!" என்று கூட்டத்தில் ஒரு குரல். "சலவ வேட்டியப் பாருடா, அதுவும் சாமி வேட்டியா இருக்கப் போகுது!" என்று இன்னொரு குரல். குபீரென்று சிரிப்பு. அன்னக்கொடி அப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

ஹாலாஸ்யம் அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டார். அதே சிரிப்பு. இந்தத் தடவை தன்னைப் பார்த்து இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி கூட வந்தது.

திரும்பும்போது கரைத்தடத்தில், மனசு தாங்காமல் லத்தீப்பிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். என்னமோ பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட மாதிரி. லத்தீப் நடையை நிறுத்தினான்.

"யா அல்லா! அந்தாளு மொகத்தப் பாத்தீரா அய்யரே?"

"பத்து நாள் ஓய். படி கைக்கு வரட்டும். உண்மையை அச்சுல போட்டுடறேன். கிழவருக்கு மரியாதை வட்டியோட திரும்பி வரும்."

"அதுவரைக்கும் அவரு எதத் தின்னுட்டு உசுரோட இருப்பாரு?"

ஹாலாஸ்யம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த ஞாயிறு காகிதச் சுருள், மை, பிரஷ் எல்லாவற்றோடும் கிளம்பினார். வரமாட்டேன் என்று முறுக்கிய லத்தீப்பும் கடைசியில் காமிராவோடு வந்தான். அரிகேசமங்கலம் கண்ணுக்குத் தெரிந்தபோது, மணலில் ஒரு கறுத்த இடம். சாம்பல். அதற்குப் பக்கத்தில் அன்னக்கொடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாதான்," என்றாள், கேட்காமலேயே. "திங்கக்கிழமையிலருந்து சோறு எறங்கல. குழாயடியில தண்ணி எடுக்க விடல. செவ்வாக்கெழம வெள்ளன எந்திரிச்சு மடுவுப் பக்கம் போனவுகதான். கோயில் தெரு வழியாத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னுட்டாக. களவாணிப் பொணமாம். இங்கனயே மணல்ல எரிச்சோம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாமி, நெசமாவே கல்லுல அப்பிடித்தான் இருந்துச்சா?"

"சொல்லும் அய்யரே," என்றான் லத்தீப். "நீர் சொல்றீரா, நான் சொல்லட்டுமா?"

ஹாலாஸ்யம் சொன்னார். பேரை மாற்றியதை, ஏன் மாற்றினார் என்பதை, எல்லாவற்றையும், மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்னக்கொடி அழவில்லை. எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி.

"வாங்க. எங்கிட்டச் சொன்னத ஊருக்குச் சொல்லுங்க. எங்கப்பன் போனது போகட்டும், பேராவது மீளட்டும்."

இழுத்துக்கொண்டு போனாள். அவரும் போனார். சொல்லிவிடுவோம் என்றுதான் போனார். கல் இருக்கிறது, படி எடுத்துக் காட்டிவிடலாம், எவன் மறுக்க முடியும்?

கோயிலுக்குள் உளிச் சத்தம் கேட்டது. வாசற்படியில் மறித்தவர்களைத் தள்ளிவிட்டு அன்னக்கொடி அவரோடு உள்ளே நுழைந்தாள்.

நடு மண்டபத்தில் ஊர் கூடி நிற்க, கல்லை நட்டிருந்தார்கள். முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. வட்டெழுத்து ஒன்று கூட இல்லை. ஒரு இழை விடாமல் கொத்தித் தேய்த்துவிட்டு, அதன்மேல் ஹாலாஸ்யம் படித்ததை அப்படியே பெரிய பெரிய தமிழ் எழுத்தில் வெட்டி, கறுப்பு மை பூசியிருந்தார்கள். காலடியில் பழைய எழுத்தெல்லாம் கல்தூளாகக் கிடந்தது.

ஹாலாஸ்யத்தின் கையிலிருந்த காகிதச் சுருள் நழுவி விழுந்தது.

சங்கிலி வந்து அவர் தோளில் கை போட்டார். காதோடு பேசினார். "ரெண்டு மாசத்துக்கு மின்னாடியே ஒருத்தர் படிச்சாரு சார். உள்ளதை உள்ளபடி எங்கிட்டச் சொல்லிட்டாரு. பொழைக்கத் தெரியாத மனுசன், திருப்பி அனுப்பிட்டோம். ஊரு முன்னாடி படிக்கிறதுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் வருவாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். வெத்தலக்காரன் தானாவா உங்ககிட்டச் சொன்னான்?"

"இவரு பேரை மாத்திப் படிச்சாரு!" என்று லத்தீப் ஊரைப் பார்த்துக் கத்தினான். "கல்லுல இருந்தது வேற!"

"பாய்க்கும் வட்டெழுத்துத் தெரியுமோ?" என்றார் ஒருவர். ஊர் சிரித்தது.

"இருங்கப்பா," என்றார் சங்கிலி சத்தமாக. "படிச்சவரே இங்க நிக்கிறாரு. சார், எழுத்து பூராவும் சரியா இருக்கா? தப்பு இருந்தா ஊரு முன்னாடி இப்பவே சொல்லிருங்க. கல்தச்சர் உளியோட தயாரா இருக்காரு."

மணிக்கட்டில் அன்னக்கொடியின் விரல்கள் இறுகின. லத்தீப் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாலாஸ்யம் கல்லைப் பார்த்தார். மேலிருந்து கீழே வரிவரியாக. கடைசி வரி தனியாக, மற்ற எழுத்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது: 'இக்கல்வெட்டைப் படித்து ஊருக்கு உரைத்தவர் மதுரை ஹாலாஸ்யம்.'

அவர் குனிந்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஒண்ணு விட்டுப்போயிருக்கு," என்றார்.

"என்ன சார்?"

"பேருக்குப் பின்னாடி எம்.ஏ. போடணும்."

அன்னக்கொடியின் பிடி விட்டது. "எடம் இருக்கு சாமி," என்று சொல்லிக் கல்தச்சர் உளியை எடுத்தார்.