கை துடிக்கவில்லை

...கொப்புளம்தான், சுண்டுவிரல் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குப் பொங்கியிருக்கிறது, ஆனால் எப்போது சுட்டது? காலையில் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கினேனே, அப்போதாக இருக்கும், "துணி புடிச்சித் தூக்குங்க, சுடுகுது" என்று கமீலா கத்தியது காதில் விழுந்தது, கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, அவளுக்கு முன்னால் சிரித்துச் சமாளித்துவிட்டேன், பெண்சாதியை ஏய்க்கலாம், இந்தக் கையை எப்படி ஏய்ப்பது... றபான் கொட்டுச் சத்தம் தெருவை அடைக்கிறது, மாப்பிள்ளை குடைக்குக் கீழே வருகிறார், முன்னுக்கு என்னிடம் பழகும் பிள்ளைகள் கம்பு சுழற்றிக்கொண்டு போகிறார்கள், எல்லாருக்கும் நேற்றே கண் இமையை இழுத்துப் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன், தூக்கம் கெட்ட ஒருவனை வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். பக்கீர் அண்ணாவியிடம், என்னிடம்தான், வாள் பழகப் போவதும் ஆசுபத்திரிக்குப் போவதும் ஒன்றுதான் என்று சாய்ந்தமருது முழுக்கப் பகிடி. பகிடி பண்ணட்டும், ஏழு வருடத்தில் என் களரியில் ஒருவனுக்கும் ஒரு கீறல் விழவில்லையே. இன்னும் இரண்டு தெருமுடக்குத் தாண்டினால் பெண் வீடு. வாசலில் மீராமுகைதீன் பாயில் மல்லாந்து படுப்பான், அவன் வெறும் வயிற்றில் வெள்ளரிக்காயை வைப்பார்கள், நான் ஒரே வீச்சில் அதை இரண்டாக்க வேண்டும், தோலில் வாள் படக்கூடாது, காயில் பாதியோடு நின்றாலும் மானம் போய்விடும்.

மீரா பக்கத்தில்தான் நடக்கிறான், என் தங்கச்சி சபூறாவின் புருசன், மருதமுனையில் தறியில் குந்தியிருந்து குந்தியிருந்து முதுகு கூனி வந்தவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், வெட்கப்பட்டான், "இந்த வயசில எனக்கென்னத்துக்கு மச்சான் வாள்" என்றான். வாள் பிறகு, முதலில் முதுகு என்று கடற்கரை மணலில் ஓடவிட்டேன், மூச்சை எண்ணி விடச் சொன்னேன், வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்த நாளெல்லாம் திருப்பி அனுப்பினேன். ஆறு மாதத்தில் நிமிர்ந்துவிட்டான், இருமலும் நின்றது. சபூறா அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தாள், இந்தக் கையைத்தான்... அவளுக்கு இப்போது ஏழு மாதம். பெண் வீட்டு வேலிக்குப் பின்னால் பெண்களோடு நிற்பாள். வராதே என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது? முழங்கைக்குக் கீழே மங்கலாக ஒரு படை, காசளவு, அதில் மயிரும் இல்லை வேர்வையும் இல்லை என்றா? போன மாரி வெள்ளத்தில் அளைந்ததில் வந்த சேற்றுப்படை என்று இரண்டு மாதம் என்னையே நம்பவைத்தேன். சட்டைக் கையை இறக்கிவிட்டேன், இவ்வளவு வெயிலில்.

தெரியாமல் என்ன, தெரியும். தம்பிலுவில் செல்லத்தம்பிக்கும் இப்படித்தான் ஒரு படையில் தொடங்கியது, குட்டநோய் என்று எழுதி மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிற மாந்தீவுக்குத் தோணியில் ஏற்றினார்கள், துறைவரைக்கும்கூட வீட்டுச் சனம் வரவில்லை, நானும் போகவில்லை, அவனோடு ஒரே கோப்பையில் குடித்தவன் நான்... சரி, கை சுளுக்கென்று சொல்லி வாளை வேறு யாரிடமாவது கொடுத்தால்? யாரிடம்? காய் வெட்டு என்னைத் தவிர யாருக்கும் பழக்கவில்லை, அவசரப்படக்கூடாது என்று நான்தான் வைத்திருந்தேன், பெருமைதான், வேறென்ன. சுளுக்கென்றால் கையைக் காட்டச் சொல்வார்கள், கலியாணத்துக்கு மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயாவும் வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பார், சட்டைக் கையைத் தூக்கினால் ஒரு பார்வை போதும் அவருக்கு. அப்படியானால் வெட்டுகிறேனா? நேற்று வாழைத்தண்டில் வெட்டினேனே, சரியாகத்தானே வந்தது, மூன்றாவது வெட்டு ஆழமாக இறங்கிவிட்டது, மூன்றில் ஒன்று... யா அல்லாஹ், பயமாக இருக்கிறது, மாந்தீவுக்கும் பயம், மீராவின் வயிற்றுக்கும் பயம், எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை என்பதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. நானே வைத்த வழி. படுக்கப் போகிறவன் வாள்காரனுக்கு முதலில் இரண்டு கையாலும் சலாம் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது அவன் பெருவிரல் அடியில் நகத்தால் இறுக்கி அழுத்த வேண்டும், வாள்காரனின் கை கொஞ்சம் துடித்தாலும் அன்றைக்கு வெட்டு இல்லை, அண்ணாவியாக இருந்தாலும் இல்லை, யாரும் ஏனென்று கேட்கக்கூடாது. போன வருடம் ஒரு கலியாணத்தில் எனக்குக் காய்ச்சல் விட்ட கை துடித்தது, மீரா படுக்க மாட்டேன் என்று எழும்பிவிட்டான், சனம் கூவியது, நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். இன்றைக்கும் அவன் கண்டுபிடிப்பான், என்னிடம் கேட்காமலே, நான் சொல்லாமலே, படையைக் காட்டாமலே எல்லாம் நின்றுவிடும். மனசு லேசாகிவிட்டது. முடக்குத் திரும்பியதே தெரியவில்லை. பாய் விரித்திருந்தார்கள், றபான் நின்றது, மீரா சட்டையைக் கழற்றிவிட்டு வந்து இரண்டு கையையும் நீட்டினான், நானும் நீட்டினேன். அழுத்து மீரா. காத்துக்கொண்டு நின்றேன், என்ன இவன் இன்னும் அழுத்தவில்லையே என்று குனிந்து பார்த்தேன், என் பெருவிரல் அடியில் அவனுடைய நகம் அரைவாசி புதைந்து, ஓரத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

மீரா நிமிர்ந்து சிரித்தான். "கல்லுப் போல இரிக்கி மச்சான் கை. இப்பிடி ஒரு நாளும் இரிந்ததில்ல. நான் படுக்கிறன்" என்றான். துடிக்கிற கையைப் பிடிக்கத்தானே அந்தச் சோதனை... செத்த கையைப் பற்றி நான் நினைக்கவே இல்லையே... சொல், இப்போதும் சொல்லலாம், ஒரு சொல் போதும். வேலிக்குப் பின்னால் சபூறாவின் முக்காடு தெரிகிறது. மீரா படுத்துவிட்டான், காயை வைத்துவிட்டார்கள், மூச்சை நான் பழக்கியபடி எண்ணி விடுகிறான், காய் மெதுவாக ஏறி இறங்குகிறது. வாள் கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. மீரா கண்ணை மூடிக்கொண்டான்.