வெள்ளைத் தீனி

என் வீட்டுக்காரருக்கு மனுஷர்களோடு பேச்சே வராது; எலிகளோடு என்றால் ஓயாது. ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது அவர் வேலை. படம் எடுப்பது என் வேலை. எலியின் வாலில் ஓர் ஊசி போடுவோம். அதிலுள்ள நுண்துகள்கள் உடம்புக்குள் மூப்படைந்த செல்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கேமராவில் அந்த இடம் ஒளிரும். எலியை அறுக்காமலே உள்ளிருக்கும் மூப்பு தெரிந்துவிடும்.

மூப்புச் செல்களை அழிக்கும் மருந்து கொடுத்துவந்த எலிகளில் ஒன்றுதான் மிச்சம். அவர் அதற்கு வைத்த பெயர் 'கிழவி'. கடைசிப் படத்தில் வயிறு இருட்டாக இருந்தால், ஆயுசு முழுக்க அவரிடமே விட்டுவிடுவதாக ஆய்வை நடத்தும் விஞ்ஞானியம்மா சொல்லியிருந்தார். ஒளிர்ந்தால் மருந்து தோற்றது. அன்றே கொன்று திறந்து பார்க்க வேண்டும்.

"பொழச்சுக்குவாளா?" என்று ஒரு வாரமாக அரித்தெடுத்தார்.

"எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட நீங்க இவ்வளவு கவலைப்படல" என்றேன்.

படத்துக்கு முந்தின அந்த ஒரு வாரமும் தீனியில் இலைதழை என்று பச்சை எதுவும் ஆகாது. குடலில் பச்சை இருந்தால் அதுவும் கேமராவில் ஒளிரும். 'வெள்ளைத் தீனி மட்டும்' என்று கூண்டிலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

படம் எடுக்கும் நாளில் அவர் அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் லீவு போட்டுவிட்டார். திரையில் கிழவியின் வயிறு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

"ஆக வேண்டியதைப் பாரும்மா" என்றார் விஞ்ஞானியம்மா.

திறந்தால் ஈரல் சுத்தம், சிறுநீரகம் சுத்தம். கேமராவில் வைத்தாலும் அவற்றில் ஒளி ஒரு பொட்டுகூட இல்லை. குடலில் மட்டும் மென்ற கீரை; ஒளிர்ந்தது அதுதான்.

எனக்கு வந்த ஆத்திரம்! "எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது? கையில கெடச்சா முறிச்சுப்புடுவேன்" என்று கத்தினேன்.

வீட்டில் என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். கீரை விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுலதான் மனசு ஆறுது. பாவம், அந்த வெள்ளைத் தீனியை வேண்டாவெறுப்பா கொறிச்சிட்டுக் கெடந்தா. நேத்து ரெண்டு கீரை எலை குடுத்தேன். வேற தீனிதானே போடக்கூடாது? எலை வாய் ருசிக்குத்தானே! என் வெரலைப் பிடிச்சுக்கிட்டே தின்னா."

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பசியோட போகலல்ல?" என்றார்.

"இல்லங்க" என்றேன். "வயிறு நெறஞ்சுதான் போனா."