காற்றில்லாத கணக்கு

ஆய்வுக்கூடத்தின் ஆறு கணினிகளுக்கும் இனி ஒரே வகை லினக்ஸ் இயங்குதளம்தான் என்று முடிவாகிவிட்டது. எந்த வகை என்பதில்தான் இழுபறி. பாலப் பொறியாளரான அவளுக்கு ஆர்ச் வேண்டும்; நிரலை மொழிமாற்றும் புதிய கம்பைலர், புதிய கணித நூலகம், எது வெளிவந்தாலும் உடனே கைக்கு வந்துவிடும். சகாவான ஆமைக்கு டெபியன், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் மாறும் நிதானமான வகை. ஆமை என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். மனுஷர் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் எதையும் மாற்றுவார், சட்டை உட்பட என்று அவள்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆமை வாய்ச்சண்டைக்கு வரவில்லை. ஒரே மாதிரியான இரண்டு கணினிகளில் ஒன்றில் ஆர்ச்சையும் மற்றதில் டெபியனையும் நிறுவி, அவளுடைய பழைய பாலக் கணக்கையே இரண்டிலும் ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன் அவள் போட்டுக்கொடுத்த கணக்கு. அதை நம்பித்தான் இன்றும் அந்தப் பாலத்தில் லாரிகள் ஓடுகின்றன. ஆறாம் தசமம்வரை ஒத்துப்போக வேண்டும், அதுதான் அவர் வைக்கும் பரீட்சை.

டெபியன் பழைய விடையை அச்சுப் பிசகாமல் கொடுத்தது. ஆர்ச் தடவைக்கு ஒரு விடை சொன்னது.

அவள் முகம் தொங்கிப்போனது. அறையே சிரித்தது. ஆமை அத்தோடு கையைக் கழுவியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டு நாள் உட்கார்ந்து அவள் நிரலை வரிவரியாகப் படித்தார். மூன்றாம் நாள் காலை அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆர்ச் மேல தப்பில்ல. பக்கத்துல அடிக்கிற காத்தோட அழுத்தத்தை நீங்க எங்கயுமே கொடுக்கல. டெபியன்ல அந்த எண்ணுக்கான நினைவக இடத்துல தற்செயலா பூஜ்ஜியம் கிடக்குது. ஆர்ச்ல கண்டதும் கிடக்குது, அதான் உளறுது."

ஆக, மூன்று வருடமாக அவள் பாலம் காற்றே அடிக்காத உலகத்தில் நின்றிருக்கிறது.

"உங்க டெபியன்தான் ஜெயிச்சிடுச்சே. சும்மா இருந்திருக்கலாமே?"

"எங்க ஜெயிச்சுது? தப்பை மூடிவச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு கணினியில உங்க ஆர்ச்சே இருக்கட்டும். நம்ம தப்பைக் காட்டிக்கொடுக்க ஒண்ணு வேணும்."

அவர் இடத்தில் இருந்திருந்தால் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்தப் பெரிய மனசுக்காரரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காற்றைச் சேர்த்துத் திரும்ப ஓட்டினார்கள். இரண்டும் ஒரே விடையைத் தந்தன: பாலம் நிற்கும், ஆனால் பலத்த காற்றில் லாரி போகக் கூடாது.

"பாலத்து ஆபீசுல நான் வேணா பேசட்டுமா?" என்றார் ஆமை.

அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, போனை எடுத்தாள்.

"பாலத்துக்குக் கணக்குப் போட்டவ பேசறேன். நான் போட்டது தப்பு. பலமா காத்தடிச்சா லாரியை விடாதீங்க."