அமீருதீன் பெயரில் ஒரு கிணறு

மட்டாஞ்சேரியில் தண்ணீருக்கு என்ன குறை? முன்னால் காயல், பின்னால் தோடு என்கிற வாய்க்கால், மழைக்காலம் வந்தால் கட்டிலுக்கு அடியிலும் தண்ணீர். வாயில் வைக்க முடிகிற தண்ணீர்தான் கிடையாது. எங்கே தோண்டினாலும் உப்பு. கார்ப்பரேஷன் குழாய் வந்தால் நூல் மாதிரி வரும், வராவிட்டால் புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டு ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் பீவியின் பின்முற்றத்துக் கிணறு மட்டும் இனித்தது. மண்ணின் வாகு என்று மற்றவர்கள் சொன்னார்கள். பீவி அப்படிச் சொல்லமாட்டாள். அது அவளுடைய மகன் அமீருதீன் பெயரில் வெட்டிய கிணறு.

ஒரே மகன். பத்தொன்பது வயதில் குடலில் ஆபரேஷன் செய்து படுத்திருந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உம்மா, ஒரு மடக்கு... ஒரே ஒரு மடக்கு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். அவள் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்ததோடு சரி. விடிவதற்குள் போய்விட்டான். டாக்டர் மேல் தப்பில்லை, நீ கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அறிவுக்குத் தெரிந்து என்ன செய்ய, பெற்ற வயிறு கேட்க வேண்டாமா? கையிலும் காதிலும் கிடந்ததை விற்றுக் கிணறு வெட்டினாள்.

இறந்தவர் பெயரில் கிணறு வெட்டினால், அதில் தாகம் தீர்கிற காலம் வரைக்கும் நன்மை அவருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆகவே பீவி பின்கதவைப் பூட்டியதே இல்லை. மூட்டை தூக்குகிறவர்களும், இஞ்சி உலர்த்தும் பெண்களும், கொங்கணிக்காரர்களும் குடத்தோடு வந்து போனார்கள். யார் என்ன ஜாதி என்று அவள் கேட்டதில்லை. கயிறு உருளையில் ஓடுகிற சத்தம் கேட்டால் போதும், சமையற்கட்டில் இருந்தபடியே அவள் முகம் தெளிந்துவிடும். அங்கே என் மோன் குடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

எண்பத்திரண்டாம் வருஷத்து மழையில்தான் வினை வந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் சுக்கும் மிளகும் அடுக்கிவைக்கும் கிட்டங்கி. அதன் முதலாளி, சரக்கில் பூச்சி விழாமல் அடிக்கிற மருந்தைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கிப் பின்கொட்டகையில் போட்டிருந்தார். பீப்பாய்கள் துருப்பிடித்து, மழைத் தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்து, மருந்து மண்ணுக்குள் ஊறியது. ஒருநாள் காலையில் வாளியை இழுத்தால் மண்ணெண்ணெயும் மூட்டைப்பூச்சி மருந்தும் கலந்த மாதிரி ஒரு நெடி. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வேறு.

முதலாளி நல்ல மனுஷன் மாதிரி நேரில் வந்து பார்த்தார். "மழை வெள்ளமல்லே உம்மா, எவிடேர்ந்து வந்ததுன்னு ஆரு கண்டா?" என்று கையை விரித்துவிட்டுப் போனார். மறுநாள் பீப்பாய்களெல்லாம் லாரியேறிக் களமசேரிப் பக்கம் போய்விட்டன. கார்ப்பரேஷன் ஆள் ஒரு காலி பிராந்தி பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டு, குடிக்கக் கூடாது என்று மலையாளத்தில் எழுதிய தகரப் பலகையை உருளைக் கட்டையில் கட்டினார். பாட்டில் எறணாகுளத்துக்குப் பரிசோதனைக்குப் போனது. போனது போனதுதான். துறைமுகத்தில் கப்பலேறிச் சீமைக்கே போய்விட்டதோ என்னவோ.

மழை இருந்தவரை ஊர், கூரையிலிருந்து விழும் ஓட்டுத்தண்ணீரைப் பிடித்துச் சமாளித்தது. பீவிக்குத்தான் சமாளிக்க முடியவில்லை. உருளை சத்தமில்லாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "எம் மோன் அங்கெ தாகத்தில கெடக்கான்" என்று வாசலில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்கள் நகர்ந்துபோனார்கள். புத்தியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

அடுத்த கோடை பொல்லாத கோடை. கோடைமழை ஏமாற்றிவிட்டது, குழாய் அடியோடு நின்றது. பஜார் ரோட்டில் தண்ணீர் லாரி வந்தால் பெண்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பீவி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கிணற்று வேலை செய்யும் ராசப்பனைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் ஆட்களோடு இறங்கி, இருந்த தண்ணீரை முழுக்க இறைத்து, சேற்றைச் சுரண்டி எடுத்து, புது மணல் விரித்தான். ஊற்று மறுபடி கண்திறந்தது.

பீவி ஒரு கிண்ணத்தில் மொண்டு வெளிச்சத்தில் பார்த்தாள். நிறம் இல்லை. முகர்ந்தாள், நெடி இல்லை. நாக்கில் விட்டாள், பழைய இனிப்பு. சிறுவயதில் ஓதப் போன இடத்தில் மனப்பாடம் செய்தது அவளுக்கு மறக்கவில்லை. நிறம், மணம், ருசி மூன்றும் மாறாத தண்ணீர் சுத்தமான தண்ணீர். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீருக்குச் சொன்ன சட்டம் அது. மருந்துப் பீப்பாயை நினைத்து யாரும் சொல்லவில்லை.

"சர்க்காராளு ஒருக்கா பாத்துட்டுப் போகட்டுமே, உம்மா" என்றான் ராசப்பன்.

"அவங்க கொண்டுபோன குப்பியே இன்னும் வரல்ல" என்றாள் பீவி.

ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. முதலில் தான் மட்டும் குடித்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை. பலகையை அவிழ்த்துத் தன் விறகுக் கொட்டகையில் போட்டாள். பிறகு மதிலோரம் போய் அடுத்த வீட்டுச் சகீலாவைக் கூப்பிட்டாள். சகீலாவின் புருஷன் வளைகுடாவில் இருந்தான். அவளுக்குப் பால் வற்றிப்போய், நான்கு மாதக் குழந்தை செரீபாவுக்குப் பால்பொடி கரைத்துப் புட்டியில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மோளே, கெணத்து வெள்ளம் நல்லாயிட்டு. லாரித் தண்ணிக்குப் போயி அடிபடாதெ. புள்ளைக்கும் இதுல கலக்கிக் குடு."

"உறப்பா மாமி? ஒண்ணும் ஆகாதே?"

"நான் குடிச்சிட்டுல்லே சொல்றேன்."

சகீலா நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தாள். அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மூன்றாவது வாரம் குழந்தைக்கு வலிப்பு கண்டது. படகிலும் ரிக்‌ஷாவிலுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே போய் ஒரு ராத்திரிகூடக் குழந்தை உயிரோடு தங்கவில்லை. எந்தத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார், அதற்கப்புறம் கார்ப்பரேஷனுக்குக் கால் முளைத்தது. இந்த முறை பாட்டில் உடனே திரும்பி வந்தது. மண்ணெல்லாம் மருந்து ஊறியிருக்கிறது, இறைக்க இறைக்க மறுபடி கசியும், மூக்குக்குத் தெரியாத அளவே கைக்குழந்தைக்குப் போதும், கொதிக்கவைத்தால் தண்ணீர் சுண்டி விஷம்தான் கூடும் என்று அதிகாரி முற்றத்தில் நின்று விளக்கினார். போன மழையிலேயே விளக்கியிருக்கலாம்.

சகீலா வந்து மண்ணை வாரித் தூற்றியிருந்தால் பீவி தாங்கியிருப்பாள். அவள் வரவேயில்லை. பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிவாசல் ஆலிம்சா வீட்டுக்குப் போனாள்.

"ஆலிம்சா, கெணத்துல குடிச்ச நன்மையெல்லாம் எம் மோனுக்குப் போய்ச் சேரும்னு சொன்னீங்களே. இப்பொ இந்தப் புள்ளை மவுத்தான பாவமும் அவன் பேர்லதானே போய்ச் சேரும்?"

ஆலிம்சா தாடியைத் தடவினார். "அவன் என்ன தப்பு பண்ணினான் உம்மா? அவனுக்கு ஒண்ணும் சேராது."

"அப்பொ எனக்கா?"

"அல்லாஹ் அறிவான்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தால் பின்முற்றத்தில் நாலைந்து பெண்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பீவி அலறிக்கொண்டு ஓடினாள். அவர்களோ அசையவில்லை. "பிஞ்சுப் புள்ளைக்குத்தான் அது ஆகாது. எங்களுக்கு ஒண்ணும் ஆகாது மாமி. ஊருல வேற வெள்ளம் எங்கெ இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. கதவைப் பூட்டினாள், மதிலேறிக் குதித்தார்கள். வாளியை ஒளித்தாள், சொந்த வாளி கொண்டுவந்தார்கள். தாகத்தோடு வந்தவர்களை அவள் விளக்குமாற்றால் விரட்டினாள். விரட்டிவிட்டு உள்ளே போய், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு அழுதாள்.

கிணற்றைத் தூர்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். கிட்டங்கி முதலாளி கேள்விப்பட்டு, இடிந்த சுவரின் கல்லும் மண்ணும் இரண்டு லாரி இலவசமாக அனுப்பிவைத்தார். தூர்ப்பதென்றால் மட்டும் தாராளம். ராசப்பன்தான் வந்தான். தோண்டிச் சுத்தம் செய்த கையாலேயே கூடை கூடையாகக் கொட்டினான். முதல் கூடை விழுந்தபோது அடியில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. பிறகு கல்லின் மேல் கல் விழுகிற சத்தம்தான்.

வெயில் ஏறியது. ராசப்பன் கூடையைப் போட்டுவிட்டு அப்படியே குந்தினான். உதடு வெடித்திருந்தது.

"உம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

பீவி உள்ளே போய்ப் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். வண்டல்தான் இருந்தது. லாரி நாளைக்குத்தான் வரும். எதிர்வீடு பூட்டிக்கிடந்தது. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வெறும் செம்பை எடுத்துக்கொண்டு, நடக்கவே கூடாத அந்த நாலு எட்டையும் நடந்து, சகீலாவின் வாசலில் போய் நின்றாள்.

சகீலா அவளைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். கொடியில் சின்னச்சின்னத் துணிகள் இன்னும் காய்ந்துகொண்டிருந்தன.

"எனக்கில்லே மோளே" என்றாள் பீவி. "வேலைக்காரன் தாகிச்சுக் கெடக்கான்."

சகீலா செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முக்கால் செம்பு கொண்டுவந்தாள். லாரியில் முட்டிமோதிப் பிடித்த தண்ணீர். பீவி கைநீட்டியபோது அவள் உடனே கொடுக்கவில்லை.

"மாமி, இது உங்க மோன் பேர்ல வேண்டாம். எங்க செரீபா பேரச் சொல்லிக் குடுங்க."

பீவி தலையாட்டினாள். சிந்தாமல் கொண்டுவந்து ராசப்பனிடம் நீட்டினாள். மகன் பெயர் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "செரீபா பேர்ல குடி, மோனே" என்றாள்.

யார் அது என்று ராசப்பன் கேட்கவில்லை. அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துக் கூடையை எடுத்தான்.