கல்வட்டத்துக்கு அந்தப் பக்கம்

...வேறு யார், அந்த ஹெக்ஸ்ட்தான், சிரித்துச் சிரித்துப் பேசும்போதே தெரிந்திருக்க வேண்டாமா, என்று பொருமிக்கொண்டே தாம்சின் ஈரப்புல்லில் ஏறினாள், இந்த மேட்டுவெளியில் வேலி ஏது, தாய் மேய்ந்த இடத்தில்தான் குட்டியும் மேயும், அதுதான் வேலி, கல்வட்டத்துக்கு இந்தப் பக்கம் அவளும் கணவர் ஜெத்ரோவும் வளர்க்கும் ஆடுகள், அந்தப் பக்கம் ஹெக்ஸ்ட்டின் ஆடுகள், எந்தக் காலத்திலோ யாரோ நட்ட கற்கள், எல்லைக்கு உதவுகின்றன, இப்போது பார், முதுகில் நீலச்சாயம் பூசிய அவளுடைய ஆடுகள் அந்தப் பக்கம் நிற்கின்றன, அத்தனையும் சினை, அங்கேயே ஈன்றுவிட்டால்... குட்டிகளுக்கு அதுதான் சொந்த இடம், தலைகீழாக நின்றாலும் திரும்பாது, மந்தையே போய்விடும். நாயை விட்டு ஓட்டியிருப்பானோ? இல்லை, இவை தாமாகவே வந்த மாதிரி அல்லவா மொய்த்து நிற்கின்றன, எதை நக்குகின்றன... உப்பு. கல்லடியில் உப்புக்கட்டி. ஆசை காட்டி இழுத்திருக்கிறான், பாவி.

அவனே நாயோடு வந்தான். "இது என்ன வேலை ஹெக்ஸ்ட்? சினையாடுன்னு தெரிஞ்சுமா?" அவன் தொப்பியைக் கழற்றினான், நடிப்பைப் பார், துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி. "நான் வைக்கல தாம்சின். தெனமும் காலையில ஒங்க ஆட்டைத் திருப்பி விடுறதே நான்தான்." புளுகு. பிறகு யார் வைத்தது, பேயா? குனிந்து பார்த்தாள், உப்பு மழையில் கரையாமலிருக்க மேலே உடைந்த கூரைக்கல் ஒன்று சாய்த்திருந்தது, முட்டுக்கு இரண்டு கூழாங்கல்... இப்படி வைக்கிறவர் இந்த மேட்டிலேயே ஒருவர்தான், உப்புக்குக் குடை பிடிக்கிறீர்களா என்று அவளே எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள்.

ஜெத்ரோ. ஏன் இங்கே... வட்டம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதானே, யாருக்கும் குழம்பும். "மூடுபனியில தெச மாறியிருக்கும்" என்றாள். ஹெக்ஸ்ட் நாயின் காதைத் தடவிக்கொண்டே நின்றான். "இந்த வாரம் பனியே இல்லையே தாம்சின்," என்றான், "அவருகிட்ட சொல்ல எனக்கு மனசு வரல."

இல்லை, இவன் ஏதோ திட்டத்தோடுதான்... அவள் உப்புக்கட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள், ஆடுகள் பின்னால் வந்தன, நேற்று கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வந்த அவளைப் பார்த்து ஜெத்ரோ எழுந்து நின்று, யாரைப் பார்க்கணும்மா என்று மரியாதையாகக் கேட்டது நினைவுக்கு வந்தது, கிண்டல்காரர் அவர், அவளும் சிரித்தாள், அவர் சிரித்தாரா?