நாலு டயரிலும் காற்றுக் களவு

அஹ்சன் மணலில் குப்புறப் படுத்து, பின் சக்கரத்தின் வால்வுக்குள் ஒரு ஆணியின் நுனியைக் குத்திப் பிடித்திருந்தான். ‘ஸ்ஸ்ஸ்...’ என்று காற்று சீறியது. அதைவிடப் பலமாகச் சீறிக்கொண்டு வந்த அலை அவன் உள்ளங்காலை நனைத்துவிட்டுப் போனது. அடுத்தது முழங்காலுக்கு வரும். அதற்கும் அடுத்தது வண்டிக்கே வரும்.

இராஜாக்கமங்கலம் கடப்புறம். பிக்கப்பின் முதுகில் பெட்டி பெட்டியாகச் சாளை மீன். ஐஸ் இன்னும் போடவில்லை. களியக்காவிளைச் சந்தையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். வண்டியோ அச்சு வரைக்கும் மணலில் புதைந்து, கரையை விட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

“மருமோனே, சட்டுன்னு ஆகட்டு! கடலு நமக்காகக் காத்துக் கெடக்காது!” என்று மேட்டில் நின்றபடி முழங்கினார் நூஹு. அஹ்சனின் மாமனார். கடப்புறத்தில் ஏலம் கூவிக் கூவி வளர்ந்த தொண்டை அது.

“கூப்பாடு போடாம வந்து ஒரு கை தள்ளுங்க மாமா.”

“நான் தள்ளினா வண்டி சார்ஜாவுல போய் நிக்கும். பரவால்லியா?”

அஹ்சன் அடுத்த சக்கரத்துக்கு உருண்டான். நாலு டயரும் தோசை மாதிரிப் பரந்து மணலைப் பிடித்ததும் தாவி ஏறி, மெல்ல, மிக மெல்ல ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். வண்டி முனகியது. பிறகு நனைந்த எருமை எழுந்துகொள்வதுபோல மேட்டில் ஏறி நின்றது. அது நின்ற பள்ளத்தை மூன்றாவது அலை வந்து நிரப்பியது.

சார்ஜா என்று மாமனார் சொன்னது சும்மா வந்த வார்த்தையில்லை. அஹ்சனின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததே அதுதான். சார்ஜாவை விட்டு வந்து, சொந்தமாக வண்டி வாங்கி, மாமனாரோடு மீன் ஓட்டத் தொடங்கியிருந்தான். முதலில் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது பதினொன்றுக்கே மூச்சு வாங்கியது. டயர்களோ ஒரு வருஷம் முடியும் முன்பே மொட்டை. டீசலும் டயரும் சேர்ந்து ஓட்டத்தில் வந்ததையெல்லாம் தின்றன. சார்ஜாவிலிருந்து அண்ணன் அமீன் காக்கா விசாவோடு நிற்கிறார். “வெள்ளிக்கிழமைக்குள்ள வாறியா, வரலியான்னு சொல்லு. அதுக்கு மேல எடம் நிக்காது.” இன்று புதன்.

புது டயர் சரியாக அமைந்தால் சொந்த ஊரான கோட்டாறு. தவறினால் சார்ஜா. விஷயம் அவ்வளவுதான்.

ஆகையால் அஹ்சன் டயர் படித்தான். சாப்பிடும்போது படித்தான், சவரம் செய்யும்போது படித்தான். தெரியாத பாஷையில் யாரோ ஒருவன் பாலைவனத்தில் டயரைத் தட்டித் தட்டிப் பேசும் வீடியோவைக்கூடக் கண்ணிமைக்காமல் பார்த்தான்.

“கல்யாணத்துக்கு முந்தி என் போட்டோவை இப்படிப் பாத்தியளா மச்சான்?” என்று கேட்டாள் அவன் மனைவி பாஹிமா.

“உன்னைத் தெரிஞ்செடுக்க இவ்வளவு வீடியோ இல்லியே.”

“இருந்திருந்தா?”

அஹ்சன் வீடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். உயிர் பிழைக்கத் தெரிந்தவன்.

மணலை விட்டு ரோட்டுக்கு வந்ததும் பெட்ரோல் பங்கில் நிறுத்தி நாலு டயருக்கும் அளவு பார்த்துக் காற்று அடிப்பான். பிறகு நாகர்கோவில் போகும் வழியில் ஐஸ் கம்பெனி. அவன் உள்ளே போய் ஐஸ் உடைத்துக் கொண்டு வரும்வரை மாமனார் வண்டிக்குக் காவல். அதன்பின் நெடுஞ்சாலைதான். தினமும் இதே முறை. அன்று மட்டும் சந்தையில் மீனை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தக்கலையில் நிறுத்தினான்.

டயர்க்கடை யேசுரத்தினம் அவர்களைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“இரியும் நூஹு பாய்.”

“வேண்டாம் வேண்டாம். நிக்கதுதான் ஒடம்புக்கு நல்லது.”

“சாயாவாவது இருந்து குடியுமே.”

“சாயா நின்னு குடிச்சாதான் நேரா வயித்துக்குப் போவும்.” வடையையும் விலக்கிவிட்டு, மடியிலிருந்து இரண்டு மட்டி வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். முன்பெல்லாம் கறுமுறு வடைக்காகவே வண்டியை நிறுத்தச் சொல்லும் மனிதர்! சில மாதமாக மாமனாரின் நடைமுறைகள் மாறித்தான் போயிருந்தன. வயசு என்று நினைத்து அஹ்சன் அதை விட்டுவிட்டான்.

கடையில் மூன்று டயர்கள் சுவரோரம் பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் நிற்பதுபோல் நின்றன. முதலாவது, பெரிய பெரிய கட்டைகளும் அகல இடைவெளியுமாகச் சேற்றுக்கென்றே பிறந்தது.

“இதுதான் இப்ப ஒம்ம வண்டியில கெடக்கு,” என்றார் யேசுரத்தினம். “மணல்ல ராஜா. தார் ரோட்டுல தேனீக்கூடு மாதிரி இரையும், டீசலை உறிஞ்சும். போன வருசம் எந்த வீடியோ பாத்து இதைக் கேட்டீரு?”

“அதை விடும். அடுத்தது?”

“இது வெறும் ரோட்டு டயரு. வரிவரியா இருக்கும். டீசல் மிச்சம். ஆனா கடப்புறத்துல வண்டியைத் தூக்கத் தனியா ஆளு வச்சுக்கிடணும்.”

மூன்றாவது நடுத்தரம். நடுவில் தொடர்ச்சியாக ஓடும் வரி. ஓரங்களில் மட்டும் கட்டைகள், இடைவெளி குறைவு. அஹ்சன் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். கனம் அதிகமில்லை. விரலால் தட்டினான், முகர்ந்தும் பார்த்தான்.

“கடிச்சுப் பாக்கலியா?” என்றார் யேசுரத்தினம்.

“நாம ஓடுகது முக்காலும் தார் ரோடு,” என்றான் அஹ்சன். வாரக்கணக்கில் படித்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. “மணல் கொஞ்சத் தூரம்தான். மணல்ல ஏறதுக்குக் கட்டையைவிடக் காத்தைக் குறைக்கதுதான் முக்கியம். அதை நான் எப்படியும் செய்யேன். அப்போ டயரு ரோட்டுக்கு ஏத்ததா இருந்தாப் போதும். நடுவரி இருந்தா உருளதுக்கு லேசு, தேய்மானமும் பரவி விழும். இதுதான் வேணும்.”

“மெத்துமெத்துன்னு ஏதாவது உண்டுமா?” பின்னாலிருந்து நூஹுவின் குரல்.

“மெத்தைக் கடை அடுத்த தெருவுல பாய்.”

அஹ்சன் திரும்பினான். நாற்காலியை மறுத்த மாமனார் இப்போது ஒட்டுப்போட்டுக் காற்றடித்து வைத்திருந்த ஒரு பழைய லாரி ட்யூபின் மேல் அமர்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். கண்கள் பாதி மூடியிருந்தன. பெருநாள் பிறை கண்டவர் முகத்தில்கூட அப்படி ஒரு நிம்மதியைப் பார்க்க முடியாது.

“அந்த சைஸ் இப்ப ஒரு சோடிதான் இருக்கு. மிச்சம் நாளைக்கு வந்துரும், நாலையும் சேத்துப் போட்டுரலாம்,” என்ற யேசுரத்தினம், வண்டியின் பழைய டயரைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. “ஆனா மக்கா, புதுசையும் நீரு இப்படித்தான் திங்கப் போறீரு.”

“ஏன்?”

“ரெண்டு ஓரமும் மொட்டை. நடுவுல அப்படியே கெடக்கு. காத்துக் குறைஞ்சு ஓடுன டயரு இது. நாலும் அப்படித்தான். மைலேஜ் விழுந்ததும் இதுனாலதான்.”

“தினமும் அளவு பாத்து அடிக்கேன்!”

“பஞ்சரு?”

“தண்ணியில முக்கிப் பாத்தாச்சு. ஒரு குமிழிகூட வரல்ல.”

யேசுரத்தினம் கையை விரித்தார். “அப்போ யாரோ குடிக்கான்.”

அஹ்சன் விரல்விட்டு எண்ணினான். நாலு டயரிலும், ஒரே அளவு, தினமும். பஞ்சர் இப்படிக் கணக்குப் பார்த்து வராது. இதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது!

வியாழக்கிழமை காலையில் பாஹிமாவின் தையல் மிஷின் பெட்டியைக் குடைந்து, துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்கை எடுத்தான்.

“யாருக்கு அளவெடுக்கப் போறிய?”

“கள்ளனுக்கு.”

“கையைச் சேத்துத் தையுங்க. அப்பத்தான் களவு எடுக்கமாட்டான்.”

பங்கில் காற்று அடித்து முடித்ததும், ஒவ்வொரு வால்வு மூடியிலிருந்தும் சக்கர விளிம்புக்கு நேராகச் சாக்கால் ஒரு கோடு இழுத்தான். யாராவது மூடியைத் திருகினால் கோடு முறிந்துவிடும். மாமனார் அந்த நேரம் ரோட்டோரம் நின்று எவனோடோ அயலை மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்.

ஐஸ் கம்பெனி. அஹ்சன் வழக்கம்போல உள்ளே போனான். வழக்கத்துக்கு மாறாக, ஐஸ் கட்டிகளை அடுக்கியிருந்த சுவரின் பின்னால் பதுங்கி, இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தான். குளிரில் பல் தந்தியடித்தது. தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

வண்டிப் பக்கம் யாருமே வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நூஹு இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சக்கரத்தின் அருகே குந்தினார். சட்டைப் பையிலிருந்து பேனா. ‘ஸ்ஸ்ஸ்...’ உள்ளங்கையால் டயரை அமுக்கிப் பார்த்தார், சந்தையில் மாம்பழம் பார்ப்பவர்போல. திருப்தியில்லை. இன்னும் கொஞ்சம். பிறகு அடுத்த சக்கரம்.

அஹ்சன் ஐஸோடு ஐஸாக உறைந்து நின்றான்.

மாமா!

போன வாரம் கல்யாண வீட்டில் இவர் சொன்னது நினைவுக்கு வந்தது. “மருமோன் சார்ஜாவுல இருக்கும்போ நமக்கொரு கெத்தாக்கும்.” எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அப்போ அது வேடிக்கையில்லையா? வண்டி நொடித்தால் நான் போய்த்தானே ஆகவேண்டும்? வாய்திறந்து ‘போ’ என்று சொல்லாமல், காற்றைப் பிடுங்கிப் பிடுங்கி அனுப்பப் பார்க்கிறாரா?

ஒன்றும் காணாதவன் போல ஐஸைக் கொண்டுவந்து நிரப்பினான். நாலு கோடுகளும் முறிந்திருந்தன. அடுத்த பங்கிலேயே வண்டியைத் திருப்பி, ஒரு சொல் பேசாமல் நாலு டயருக்கும் திரும்பக் காற்று அடித்தான். அளவுக்குக் கொஞ்சம் கூடவே, கல்லாக.

“எதுக்கு மருமோனே இப்போ...?” மாமனாரின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

“சும்மா.”

நெடுஞ்சாலையின் முதல் குழியில் வண்டி துள்ளியது. “யா அல்லாஹ்!” என்று நூஹுவும் துள்ளினார். இரண்டாவது குழிக்கு முன்பே மேல்கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சீட்டுக்கு ஒரு சாண் மேலே தொங்கினார். மூன்றாவதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அஹ்சன் முடிவு கட்டினான். வழியில் ஒரு குழியையும் அவன் ஒதுக்கவில்லை.

சந்தை முடிந்தது. திரும்பும் வழியில் தக்கலைக் கடை வாசலில் வண்டி நின்றதோ இல்லையோ, நூஹு இறங்கிக் கவட்டைக் கால் வைத்து நடந்து, நேராகப் போய் அந்த ட்யூபில் அமர்ந்தார். பெருமூச்சு விட்டார். யேசுரத்தினம் பழைய டயர்களைக் கழற்ற ஜாக்கியோடு வண்டிக்கு அடியில் போனார்.

அஹ்சன் மாமனாரின் முன்னால் போய் நின்றான்.

“மாமா, நான் சார்ஜாவுக்குப் போனா ஒங்களுக்குச் சந்தோசமா?”

“எவன் சொன்னான்?”

“டயரு சொல்லிச்சு. ஐஸ் கம்பெனியில வச்சு நான் எல்லாத்தையும் பாத்தேன்.”

நூஹுவின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் வாடிய அயலையின் நிறத்துக்கு வந்தது. “கோட்டியா பிடிச்சிருக்கு உனக்கு? நீ போனா நான் யாருகூடப் போவேன்? வேற டிரைவர்கிட்ட நான் இந்தப் பாடு பட முடியுமா? உன்னை அனுப்புகதுக்கா காத்தைத் தொறந்தேன்? படச்சவனே!”

“கல்யாண வீட்டுல சொன்னியளே, கெத்துன்னு?”

“அது பிரியாணிக்கு எடம் பிடிக்கச் சொன்னதுலே மக்கா. நீ போவாண்டாம். வண்டி ஓடட்டு. என் கண்ணு முன்னால ஓடட்டு.”

நூஹு அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் போன் அடித்தது. அமீன்.

“என்னடா, டயரு பாத்தாச்சா? வாறியா, வரலியா?”

“டயருல கோளாறு இல்ல காக்கா. கோளாறு வண்டிக்குள்ளேயே இருந்திருக்கு. கண்டுபிடிச்சாச்சு. இனி பதினாலுக்குக் குறையாது. நான் வரல்ல.”

போனை வைத்தான். நெஞ்சிலிருந்த முள் கழன்ற மாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்று பாக்கி.

“அப்போ காத்தை எதுக்கு மாமா தொறந்து விட்டிய?”

“புது டயருல நீ எம்புட்டு வேணும்னாலும் அடிச்சுக்கோ. நான் தொடமாட்டேன். ஆனா இந்த மாதிரி ஒரு குட்டி ட்யூபு வாங்கி என் சீட்டுல போட்டுத் தா.”

“எதுக்கு?”

நூஹு வண்டிக்கு அடியில் தெரிந்த யேசுரத்தினத்தின் கால்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மருமகனின் காதைப் பிடித்துத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார்.

“உன் மாமி சைனப் பீவிக்குத் தெரியாண்டாம். அவளுக்குத் தெரிஞ்சா கோட்டாறு முழுக்கத் தெரியும். அப்புறம் போற எடத்துல எல்லாம் ஒவ்வொருத்தனும் ‘இரியும், இரியும்’னு நாற்காலியைப் போட்டுட்டுச் சிரிப்பான். பாஹிமாட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா?”

“சொல்லமாட்டேன். என்னன்னு சொல்லுங்க.”

கடப்புறம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல், எறும்புக்குக்கூடக் கேட்காத அளவுக்குத் தணிந்தது.

“மூலவியாதி, மருமோனே.”