ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி

அந்தக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கடையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தவள் அவள்தான். பில் போடுகிற பெண்ணுக்கு 'ரசீது'. உள்ளறையில் உட்கார்ந்து லென்ஸ் வெட்டித் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற பெரியவருக்கு 'ஏழரை'. அவருக்குக் கண்ணில் பவர் மைனஸ் ஏழரை. சோதித்துச் சொன்னவளும் அவள்தான். "உங்க பவரைச் சொன்னா ஜாதகத்தைச் சொன்ன மாதிரி இருக்கு சார்" என்றாள், அன்றைக்கு ஒட்டிய பெயர் அப்புறம் உரியவே இல்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏழரை சார் என்று கூப்பிட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழரை எட்டு மணிக்கே வந்து ஷட்டரைத் தூக்கிவிடுவார். அதனால் சாவி அவரிடமே இருந்தது. பின்கண்ணாடியில் துணி போட்ட தன் பழைய வெள்ளைக் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார். மற்றவர்கள் வருவதற்குள் நாலு ஜோடி லென்ஸ் வெட்டி முடித்திருப்பார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகம் பளபளவென்று மழித்திருக்கும். ஒரு முறை அவளுடைய சோதனை அறைக்குள் நின்று கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை சின்னது என்பதால் எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவரில் உள்ள பெரிய கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்வது அங்கே வழக்கம்.

"ஏன் சார், வீட்ல கண்ணாடி இல்லையா?" என்று கேட்டாள்.

"இவ்ளோ பெருசா இல்லம்மா" என்றார்.

அதை ரசீதிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். போன வருஷம் ஊழியர் பதிவேட்டைப் புதுப்பித்தபோது, விலாசம் என்ற இடத்தில் அவர் கடையின் விலாசத்தையே எழுதியிருந்தார். "என்ன சார், கடையையே கட்டிக்கிட்டீங்களா?" என்று அதற்கும் ஒரு போடு போட்டாள். மனைவி போன பிறகு வீட்டை விற்று மகனிடம் கொடுத்துவிட்டார், மகனோடுதான் இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் மறுத்துச் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போது அவளுடைய புருஷனுக்குக் கேம்பிங் பைத்தியம் பிடித்தது. எவனோ மலையடிவாரத்தில் அடுப்பு மூட்டிக் காப்பி போடுவதை செல்போனில் பார்த்துப் பார்த்து, ஒரு கூடாரத்தை வாங்கிவிட்டார். அதை ஹாலில் விரித்துப் பழகியதில் ஜன்னல் திரைக் கம்பி கழன்று விழுந்தது. "முதல் தடவையே கூடாரம் வேண்டாம். காருக்குள்ள படுத்துப் பார்ப்போம். பிடிச்சா அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். எட்டு வயது மகள் அன்றைக்கே தலையணையைக் கட்டி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கடையில் இந்தக் கதை ஓடியது. "காருக்குள்ள எப்படித்தான் தூங்குறதோ, கழுத்து கழண்டுடும்" என்றாள் அவள். சாப்பாட்டு நேரத்தில் வாயே திறக்காத ஏழரை அப்போது தலை நிமிராமல் பேசினார்.

"முன் சீட்டை முழுசா முன்னாடி தள்ளிட்டு, கால் வைக்கிற பள்ளத்துல பையை அடைச்சுட்டா சமமாயிடும். கழுத்து வலிக்காது."

எல்லோரும் கையில் எடுத்த கவளத்தோடு அவரைப் பார்த்தார்கள்.

"அடேங்கப்பா, காட்டுக்கெல்லாம் போற ஆளா நீங்க?"

"எப்பவாவது" என்றார்.

அவள் விடுவாளா? எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் ஒரு வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் பொடிப் பொடி எழுத்தில் பத்து யோசனைகளை எழுதி நீட்டினார். அவள் அதை வாங்கி முதலாளியம்மாவும் ரசீதும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். ரெண்டு பக்கமும் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி வைக்கணும், இல்லாவிட்டால் காலையில் உள்ளே மழை பெய்த மாதிரி இருக்கும் என்பது முதல் யோசனை. பத்தாவது, 'ஒரே இடத்தில் ரெண்டு ராத்திரி நிறுத்தக் கூடாது.'

"ஏன் சார், புலிக்கு அட்ரஸ் தெரிஞ்சிடுமா?" என்றாள்.

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை எதற்குத் துடைக்கிறார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும் அவசரத்திலும் சீட்டைப் படம் பிடித்துக் கடையின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். 'காட்டு ராஜா ஏழரையாரின் பத்துக் கட்டளைகள்' என்று மேலே ஒரு வரியும் சேர்த்தாள்.

ஏரிக்கரையில் கட்டணம் கட்டித் தங்குகிற இடம் அது. காவலாளி உண்டு, குழாய் உண்டு, விளக்குக் கம்பமும் உண்டு. ஏழரை எழுதியபடியே முன் சீட்டைத் தள்ளி, பையை அடைத்து, கண்ணாடியை விரல் அளவுக்கு இறக்கிப் படுத்தார்கள். அவள் இவ்வளவு நன்றாகத் தூங்குவோம் என்று நினைத்திருக்கவே இல்லை. விடிந்து பார்த்தால் கண்ணாடியில் பனி கட்டவில்லை, கழுத்தும் இருந்த இடத்தில் இருந்தது. புருஷன் வெளியே அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகள் போர்வைக்குள் இருந்தபடி அந்த யோசனைச் சீட்டைக் கையில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, 'சட்டையை ஹேங்கரில் போட்டுக் கைப்பிடியில் மாட்டவும், காலையில் கசங்காது'ன்னு போட்டிருக்கு. காட்டுல எதுக்கும்மா சட்டை கசங்கக் கூடாது?"

"தெரியலடி. அவர் அப்படித்தான், எப்பவும் மடிப்புக் கலையாம இருப்பார்."

"'யாராவது கண்ணாடியைத் தட்டினால் முதலில் சிரிக்கவும். அப்புறம் விளக்கைப் போடவும். வண்டி சூடாகிவிட்டது, ஆற வைக்கிறேன் என்று சொல்லவும்.' யாரும்மா தட்டுவாங்க?"

"இங்க யாரும் தட்ட மாட்டாங்க. இது தங்குறதுக்குன்னே இருக்கிற இடம்" என்று சொன்னவள், சீட்டை மகள் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு முறை படித்தாள்.

எட்டு மணிக்குத் தூக்குகிற ஷட்டர், மழித்த முகம், பதிவேட்டில் எழுதிய விலாசம், கடைக்கு இரண்டு தெரு தள்ளி நிற்கும், பின்கண்ணாடியில் எப்போதும் துணி போட்ட அவருடைய அந்தப் பழைய வெள்ளைக் கார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவளுடைய கேலி ஒன்று கூடவே வந்தது. தினமும் நாலு மணி நேரம் அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பவள் அவள். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. மகள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

காருக்குள் சிக்னல் இல்லை. கழிவறைப் பக்கம் மேட்டில் ஏறி நின்று போனைப் பார்த்தாள். குழுவில் ரசீது பதினோரு சிரிப்பு முகங்கள் போட்டிருந்தாள். அவற்றுக்குக் கீழே முதலாளியம்மா கேட்டிருந்தார்: 'அது சரி, ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி ஏன் கூடாது?'

முதலாளியம்மா சும்மா கேட்கிற ஆள் இல்லை. கடைக்குப் பின்னால் கொடி கட்டித் துணி காயப்போட்டாள் என்று பெருக்குகிற அம்மாவை ஒரே நாளில் கணக்குத் தீர்த்து அனுப்பியவர். கடை கடைதான், வீடு இல்லை என்பார்.

கேள்விக்கு ஏழரையே பதில் போட்டிருந்தார். 'புலிக்கு அட்ரஸ் தெரிஞ்சிடும் மேடம்.'

அவள் எறிந்த கல்லையே பொறுக்கி எடுத்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். படத்தை அழிக்கப் பார்த்தாள், எல்லோரும் பார்த்த பிறகு அழித்தால் சந்தேகம்தான் வரும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றாள். மகள் அழுதாள், புருஷன் முணுமுணுத்தார். காரணத்தை அவரிடம் மட்டும் சொன்னாள்.

"மாடி ரூம் சும்மாதானே கிடக்கு. கேட்டுப் பாரு. ஆனா பார்த்துக் கேளு" என்றார்.

ஞாயிறு முழுக்க அவள் அந்தப் பேச்சைப் பழகினாள். சார், எங்க மாடி ரூமுக்கு நம்பிக்கையான ஆள் தேடறோம், நீங்க வந்தா எங்களுக்கு உதவியா இருக்கும். இதில் இரக்கம் தெரிகிறதா என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கூடவே மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தாள்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கே கடைக்குப் போனாள். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். லென்ஸ் வெட்டும் அறையில் யாருமில்லை. அவளுடைய சோதனை அறையின் கதவு ஒருக்களித்திருந்தது.

அவர் பனியனோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. எழுத்துப் பலகையின் ஆணியில் ஹேங்கர், அதில் நீலச் சட்டை. நோயாளி நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர், பக்கத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி. அவள் காலடிச் சத்தம் கேட்டு, கண்ணாடிக்குள்ளேயே அவளைப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

மைனஸ் ஏழரைக்கு மூக்கிலிருந்து அரைச் சாண் தூரம்தான் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாம் வெறும் நிழல். அந்தக் கணக்கு அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. கதவருகே நிற்பது ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

"யாருங்க அது?" கை நாற்காலிமேல் கண்ணாடியைத் தேடித் தடவியது. குவளை கவிழ்ந்தது.

நான்தான் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாயிறு முழுக்கப் பழகிய பேச்சும் இருந்தது. ஊரெல்லாம் நீளும் அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அவர் கை கண்ணாடியைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியேறி, தெருமுனை திரும்பும்வரை கிட்டத்தட்ட ஓடினாள். அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் ஓடினோம் என்று சொல்லிக்கொண்டாள். தன் மானத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

பத்து மணிக்கு எல்லோரோடும் ஒருத்தியாக வந்தாள். முதலாளியம்மா எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"எப்படி இருந்தது உங்க காட்டு வாசம்? அந்த ரெண்டு ராத்திரி விஷயத்தைக் கேட்டியா?"

"கேட்டேன் மேடம். அங்க காவலாளியே சொன்னார். ஒரே இடத்துல ரெண்டு நாள் வண்டி நின்னா அடியில இருக்கிற புல்லு செத்துடுமாம்."

"ஓ" என்றார் முதலாளியம்மா. புல் என்றதும் அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது.

"ஆமாம்மா, புல்லுதான்" என்றார் ஏழரை, உள்ளறையிலிருந்து. அந்தப் பொய் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாக இருந்தது என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது. மதியம்வரைதான் அதுவும்.

சாப்பிடும்போது அவர் பொதுவாகப் பார்த்துக் கேட்டார். "இன்னிக்குக் காலையில யாராவது சீக்கிரம் வந்திருந்தீங்களா?"

குரலில் ஒன்றுமில்லாத மாதிரிதான் கேட்டார். ஆனால் கன்னத்தில் ஓர் ஓரம் மழிக்காமல் விட்டுப்போயிருந்தது. ரசீது இல்லை என்று தலையாட்டினாள். முதலாளியம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது அவள்.

"இல்லையே சார்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினார். பாதிச் சாப்பாடு உள்ளே இருந்தது.

மறுநாள் அவள் வந்தபோது ஷட்டர் மூடியிருந்தது. முதலாளியம்மாவே வந்து தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்தார். "ஏழரை நேத்து சாயங்காலம் சாவியைக் குடுத்துட்டார். வயசாயிடுச்சு, காலையில எழுந்திருக்க முடியலையாம். நீ வெச்சுக்கோ, இந்தா" என்று ஏழரையின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். லென்ஸ் தேய்க்கும் மாவு படிந்த, நூல் கட்டிய சாவி.

சோதனை அறையில் எழுத்துப் பலகையின் ஆணி வெறுமையாக இருந்தது. நாற்காலியில் நேற்று கவிழ்ந்த தண்ணீரின் சுவடே இல்லை.

பத்து மணிக்கு அவர் வந்தார். அதே நீலச் சட்டை, முதுகு முழுக்கச் சுருக்கம். இரண்டு கன்னத்திலும் நரைத்த முள். ரசீதுதான் முதலில் பார்த்தாள்.

"என்ன சார், ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வரிக்காக வழக்கம்போல அவளைத் திரும்பிப் பார்த்தாள். முதலாளியம்மாவும் பார்த்தார். சிரிக்கத் தயாராக இரண்டு முகங்கள் அவளுக்காகக் காத்திருந்தன. அவள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. நீண்டால் அடுத்த கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"புலி தூங்க விடலம்மா" என்றார் ஏழரை.

கடை சிரித்தது. அவர் அவள் பக்கம் பார்க்காமல் உள்ளறைக்குப் போய் இயந்திரத்தைப் போட்டார்.